கிளிப் ஷோ என்றால் என்ன? ரைக்கரின் தாடியிலிருந்து தொடங்கலாம்

'ஷேட்ஸ் ஆஃப் கிரே' எபிசோடில் கமாண்டர் ரைக்கரின் முகத்தை மட்டும் கவனித்துக்கொண்டிருங்கள். மருத்துவப் படுக்கையில் மயங்கிக் கிடக்கும்போது அவருக்குத் தாடி இருக்கிறது. அவருடைய நினைவுக்குள் காட்சி நுழைந்ததும் மழித்த முகம். இன்னொரு நினைவில் மறுபடியும் தாடி. கொஞ்ச நேரத்தில் அதுவும் காணாமல் போகிறது. ரைக்கராக நடித்த ஜானதன் ஃபிரேக்ஸ், 'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடரின் முதல் சீசனில் தாடியில்லாமல் நடித்தார், இரண்டாம் சீசனிலிருந்துதான் தாடி. படுக்கைக் காட்சிகள் அந்த வாரத்துக்காக எடுக்கப்பட்டவை. நினைவுகள் எல்லாம் முன்பே ஒளிபரப்பாகிவிட்டவை.

இப்படிப் பழைய எபிசோடுகளிலிருந்து காட்சித் துண்டுகளை எடுத்துக் கோத்து, அவற்றை இணைக்க ஒரு சிறிய புதுக் கதையை எழுதி, புதிய எபிசோடாக ஒளிபரப்புவதற்குக் 'கிளிப் ஷோ' என்று பெயர். பூக்கள் பழையவை, நார் மட்டும் புதியது. அந்த நாரை இந்தக் கட்டுரையில் இணைப்புக் கதை என்று சொல்லப்போகிறேன். ஒரு கிளிப் ஷோ தேறுவதும் தேறாமல் போவதும் பெரும்பாலும் இந்த இணைப்புக் கதையின் கையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1989 ஜூலை 17 அன்று இரண்டாம் சீசனின் கடைசி எபிசோடாக வந்த 'ஷேட்ஸ் ஆஃப் கிரே' தேறவில்லை. ஏழு சீசன், 178 எபிசோடுகள் ஓடிய அந்தத் தொடரில் கிளிப் ஷோ இது ஒன்றுதான். மிக மோசமான எபிசோடு எது என்று ரசிகர்கள் பேசத் தொடங்கினால் முதலில் அடிபடும் பெயர்களில் இதுவும் ஒன்று. அதைத் திட்டித் தீர்ப்பது எளிது. அது ஏன் அப்படி வந்தது என்று பார்த்தால், ஒரு தொலைக்காட்சித் தொடர் உள்ளே எப்படி இயங்குகிறது என்பது முழுவதுமாகத் தெரிந்துவிடும். எனக்கு அதில்தான் ஆர்வம்.

பணத்திலிருந்து ஆரம்பிப்போம். அந்தக் காலத்தில் இந்தத் தொடரின் ஓர் எபிசோடுக்குச் சுமார் 13 லட்சம் டாலர் செலவானது. அறிவியல் புனைவுத் தொடருக்குச் செலவு கூடுதலாகத்தான் இருக்கும்: விண்கலத்தின் மாதிரியைப் படம்பிடிக்க வேண்டும், வேற்றுக்கிரகவாசிகளுக்கு மணிக்கணக்கில் ஒப்பனை போட வேண்டும், ஒரே வாரத்துக்கு மட்டும் பயன்படும் ஒரு கிரகத்தை அரங்கத்துக்குள் எழுப்ப வேண்டும். தயாரிப்பு நிறுவனம் ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரு தொகையை ஒதுக்கும். ஆனாலும் நடைமுறையில் முழு சீசனும் ஒரே பைதான். ஒரு கதை ஒதுக்கியதை மீறித் தின்றுவிட்டால், இன்னொரு கதை வாயைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

வாயைக் கட்ட மிகச் சுலபமான வழி படப்பிடிப்பு நாள்களைக் குறைப்பது. கேமரா ஒரு நாள் ஓடினால் நடிகர்கள், ஒளியமைப்பாளர்கள், ஒப்பனைக்காரர்கள், தச்சர்கள் என்று அத்தனை பேருக்கும் அன்றைய சம்பளம் உண்டு. இந்தத் தொடரில் ஓர் எபிசோடை எடுக்க வழக்கமாக ஏழு அல்லது எட்டு நாள் ஆகும். 'ஷேட்ஸ் ஆஃப் கிரே' மூன்றே நாளில் எடுக்கப்பட்டது. பழைய காட்சியைத் திரும்பப் பயன்படுத்துவதும் முற்றிலும் இலவசம் இல்லை, அதில் நடித்தவர்களுக்கு மறுபயன்பாட்டுக் கட்டணம் உண்டு. இருந்தாலும் ஒரு காட்சியைப் புதிதாக எடுப்பதோடு ஒப்பிட்டால் அது சொற்பம்.

அந்த மூன்று நாள் நெருக்கடி எப்படி வந்தது? இரண்டு காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன.

முதலாவது, வேலைநிறுத்தம். அமெரிக்க எழுத்தாளர் சங்கம் 1988 மார்ச் 7 முதல் ஆகஸ்ட் 7 வரை வேலைநிறுத்தம் செய்தது. அடுத்த சீசனுக்குக் கதைகள் தயாராக வேண்டிய மாதங்கள் அவை. பேனாக்கள் ஓய்ந்திருந்ததால் இரண்டாம் சீசன் தாமதமாகத் தொடங்கியது, வழக்கமான 26 எபிசோடுகளுக்குப் பதிலாக 22தான் வந்தன. சீசனின் முதல் எபிசோடான 'தி சைல்ட்' புதுக் கதைகூட இல்லை. 1970களில் தொடங்கத் திட்டமிட்டுக் கைவிடப்பட்ட வேறொரு ஸ்டார் டிரெக் தொடருக்காக எழுதி வைத்திருந்த கதை அது. அதைத் தூசி தட்டி, பாத்திரங்களை மாற்றிப் பயன்படுத்தினார்கள். அதாவது அந்த சீசன் பழைய கதையோடு பிறந்து, பழைய காட்சிகளோடு முடிந்தது. இதைக் கவனித்த பிறகு கடைசி எபிசோடின் மேல் எனக்கு இருந்த கோபம் பாதி குறைந்துவிட்டது. ஒரே நெருக்கடியின் இரண்டு முனைகள் அவை.

இரண்டாவது காரணம், அந்த சீசனிலேயே வந்த நல்ல எபிசோடுகள். 'எலிமென்டரி, டியர் டேட்டா' எபிசோடில் 19ஆம் நூற்றாண்டு லண்டன் தெருவையும் மாளிகை அறைகளையும் அரங்கத்துக்குள் கட்டி எழுப்பினார்கள். 'கியூ ஹூ' எபிசோடில்தான் போர்க் என்ற இயந்திர மனிதக் கூட்டம் முதன்முதலாக அறிமுகமானது. இன்றைக்கும் ஸ்டார் டிரெக் என்றதும் பலருக்கு நினைவுக்கு வரும் எதிரிகள் அவர்கள். அவர்களுடைய கனசதுரக் கலம், உடலோடு ஒட்டிய கருவிகள், உள் அரங்கம் எதுவும் மலிவாகக் கிடைக்கவில்லை. இரண்டு எபிசோடுகளும் ஒதுக்கிய தொகையைத் தாண்டின. இரண்டையும் இயக்கியவர் ராப் போமன்.

'ஷேட்ஸ் ஆஃப் கிரே'யை இயக்கியவரும் அவரே.

இதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. அந்த இரண்டுக்கும் கூடுதலாகக் கொடுத்தோம், இப்போது மூன்று நாளில் ஒன்றை முடித்துக் கொடுங்கள் என்று நிறுவனம் கேட்டதாகப் போமனே பின்னாளில் விளக்கியிருக்கிறார். இந்தத் தொழிலில் அது சகஜம் என்பதே அவர் நிலை. கதையை எழுதியவர் அப்போது தொடரின் எழுத்துப் பொறுப்பில் இருந்த மொரிஸ் ஹர்லி. திரைக்கதையில் ரிச்சர்ட் மேனிங், ஹான்ஸ் பைம்லர் இருவரும் அவரோடு சேர்ந்தார்கள். ஹர்லி அந்த சீசனோடு விலகிப் போய்க்கொண்டிருந்தார். எபிசோடு மகா மோசம், காசை மிச்சம் பிடிக்கச் செய்த வேலை என்று அவரே பின்னர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். மருத்துவர் புலாஸ்கியாக நடித்த டயானா மல்டாருக்கும் இதுவே கடைசி எபிசோடு. அடுத்த சீசனில் பழைய மருத்துவராக கேட்ஸ் மெக்ஃபேடன் திரும்பி வந்தார். ஒரு நல்ல நடிகைக்கு இப்படி ஒரு விடைபெறல் அமைந்தது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இனி எபிசோடுக்குள் போவோம். சுராட்டா IV என்ற கிரகத்தை ஆராயும்போது ரைக்கரின் காலில் ஒரு கொடியின் முள் குத்திவிடுகிறது. உள்ளே போன நுண்ணுயிரி நரம்புகளோடு பின்னிக்கொண்டு மூளையை நோக்கி ஏறுகிறது. மூளையைத் தூண்டி விழித்திருக்கச் செய்தால் அது பரவுவது குறையும் என்று புலாஸ்கி கண்டுபிடிக்கிறார். தலையில் ஊசிகளைப் பொருத்தி நினைவுகளைக் கிளறுகிறார். இங்கேதான் பழைய காட்சிகள் வரிசை கட்டி வருகின்றன. இனிமையான, காதல் நினைவுகள் வந்தால் கிருமி வளர்கிறது. துயரமும் ஆபத்தும் நிறைந்த நினைவுகள் வந்தால் சாகிறது. எனவே மோசமான நினைவுகளை மேலும் மேலும் கிளறி, இறுதியில் அவரைக் காப்பாற்றிவிடுகிறார்கள்.

தொடக்கத்தில் ஒரு சில நிமிடங்கள் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன என்பதைச் சொல்லியாக வேண்டும். தனக்கு என்ன நேரப்போகிறது என்று தெரிந்தும் ரைக்கர் சிரித்துப் பேசுகிறார். அவரைப் பார்க்க வருபவர்கள்தான் சிரிக்க முடியாமல் நிற்கிறார்கள். அந்த நிமிடங்களைத் தொடர்ந்து வளர்த்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும். ஆனால் அவர் கண்ணை மூடியதும் கதையும் கூடவே படுத்துவிடுகிறது.

ஏன் படுத்துவிடுகிறது? கிருமிக்கு இன்னும் கொடிய நினைவு வேண்டும் என்ற ஒரே விதிதான் அடுத்த காட்சி எது என்பதைத் தீர்மானிக்கிறது. கலத்தின் பாதுகாப்பு அதிகாரி தாஷா இறந்த காட்சி வருகிறது. முதல் சீசனில் அதைப் பார்த்தபோது அதிர்ந்துபோனவர்கள் உண்டு. தொடரின் முக்கியப் பாத்திரம் ஒன்று, சற்றும் எதிர்பாராத வகையில், கதையின் நடுவே செத்துப்போகிறது. அந்தக் காட்சியை ஓர் ஆண்டு கழித்துத் திரும்பக் காட்டும்போது நமக்குப் புதிதாக என்ன தெரிகிறது? அந்த மரணத்தை ரைக்கர் எப்படித் தாங்கினார், தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டாரா, யாரிடமாவது பேசினாரா என்று எதுவும் தெரிவதில்லை. அது மருந்தாக மட்டும் பயன்படுகிறது. ஒரு டோஸ் சோகம், அடுத்து ஒரு டோஸ் பயம். மயங்கிக் கிடப்பவரால் எதையும் தேர்ந்தெடுக்கவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. நாயகனுக்கு முடிவெடுக்க வழியில்லாத கதையில் நாம் எதற்காகக் காத்திருப்பது?

அந்தத் தாடியும் இந்தக் குறையைத்தான் காட்டிக்கொடுக்கிறது. அதுபாட்டுக்கு வருகிறது, போகிறது. அதற்குக் கதையில் எந்தப் பொருளும் இல்லை.

பழையதைத் திரும்பக் காட்டுவதே தவறு என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. இதே தொடரில் என்டர்பிரைஸ் விண்கலம் திரையின் குறுக்கே நகர்ந்து போகும் காட்சிகளில் பல, தொடக்கத்தில் ஒருமுறை எடுத்து வைத்து ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியவை. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அந்தக் காட்சியிடம் நாம் புதிதாக எதையும் எதிர்பார்ப்பதில்லை. கலம் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று அது சொன்னால் போதும். கதைக் காட்சி அப்படியில்லை. அது வந்தால் கதையை ஓர் அடியாவது நகர்த்த வேண்டும்.

கிளிப் ஷோ முறைக்குத் தொலைக்காட்சியைவிட வயது அதிகம். 1930, 40களில் அமெரிக்கத் திரையரங்குகளில் வாரம் ஒரு பகுதியாக ஓடிய தொடர்படங்களிலேயே இது உண்டு. பாத்திரங்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து இதுவரை நடந்ததைப் பேசுவார்கள், பழைய சண்டைகள் மீண்டும் ஓடும். சிக்கனப் பகுதி என்றே தொழிலில் அதற்குப் பெயர். அன்றைய பார்வையாளருக்கு அது உதவியாகவும் இருந்தது. தவறவிட்டதைப் பார்க்க அவருக்கு வேறு வழி இல்லை. 1989இல் நிலைமை வேறு. வீடுகளில் வீடியோ ரெக்கார்டர்கள் வந்துவிட்டன, மறு ஒளிபரப்புகளும் நடந்துகொண்டிருந்தன. பார்த்ததையே பார்க்க யாரும் அடுத்த வாரம் வரை காத்திருக்கத் தேவையில்லை.

இதே நெருக்கடியை இதே ஸ்டார் டிரெக் உலகம் 23 ஆண்டுகளுக்கு முன்பு சந்தித்திருக்கிறது. அப்போது கிடைத்தது 'தி மெனாஜரி'.

1964ஆம் ஆண்டு இறுதியில் முதல் ஸ்டார் டிரெக் தொடருக்காக 'தி கேஜ்' என்ற மாதிரி எபிசோடை எடுத்தார்கள். ஆறு லட்சம் டாலருக்கும் மேல் செலவானது. என்பிசி தொலைக்காட்சி அதை ஏற்கவில்லை. வேறொரு மாதிரி எபிசோடை எடுக்கச் சொன்னது. தொடர் ஒருவழியாக 1966இல் ஒளிபரப்பாகத் தொடங்கியபோது, காட்சிகளுக்கான சிறப்பு விளைவு வேலைகள் மெதுவாக நகர்ந்ததால் எபிசோடுகள் நேரத்துக்குத் தயாராகவில்லை. முடங்கிக் கிடந்த 'தி கேஜ்' நினைவுக்கு வந்தது. ஆனால் அதில் கேப்டன் வேறு: கிர்க்குக்குப் பதில் பைக். பைக்காக நடித்த ஜெஃப்ரி ஹன்டர் மீண்டும் நடிக்கக் கிடைக்கவில்லை. பழைய படத்தில் இருந்தவர்களில், உணர்ச்சியை வெளிக்காட்டாத அதிகாரி ஸ்பாக்கைத் தவிர வேறு பாத்திரம் எதுவும் புதிய தொடரில் இல்லை.

இந்தத் தடைகளை அவர்கள் கதையாக மாற்றிய விதத்தைப் பாருங்கள். பழைய நிகழ்ச்சிகள் 13 ஆண்டுகளுக்கு முன் நடந்தவை என்று வைத்தார்கள். இடையில் ஒரு விபத்தில் பைக்கின் உடல் முழுவதும் சிதைந்துவிட்டது. இப்போது அவர் ஒரு சக்கர நாற்காலிப் பெட்டிக்குள் அடைபட்டிருக்கிறார். பேச்சு இல்லை, அசைவு இல்லை. ஒரு விளக்கு மட்டும் இருக்கிறது: ஒருமுறை மின்னினால் ஆம், இருமுறை மின்னினால் இல்லை. முகம் சிதைந்துவிட்டதால் ஷான் கென்னி என்ற வேறு நடிகரை அந்தப் பெட்டியில் உட்காரவைக்க முடிந்தது. அந்தப் பைக்கைத்தான் ஸ்பாக் திருட்டுத்தனமாகக் கலத்தில் ஏற்றி, போனால் மரண தண்டனை என்று தடைசெய்யப்பட்ட டாலோஸ் IV கிரகத்துக்குக் கொண்டுபோகிறார். பிடிபட்டு ராணுவ விசாரணையில் நிற்கும்போது, தன் தரப்புச் சாட்சியமாக அவர் திரையில் ஓடவிடுவதுதான் 'தி கேஜ்'.

ஒழுங்கு தவறாத ஸ்பாக் ஏன் இப்படிச் செய்தார்? இணைப்புக் கதை இந்தக் கேள்வியைக் கேட்கிறது. பழைய காட்சிகள் அதற்குத் துளித்துளியாக விடை சொல்கின்றன. பெட்டிக்குள் இருப்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, திரையில் ஓடும் இளம் பைக்கைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது. அந்தப் பழைய படத்தில் ஓரிடத்தில் ஸ்பாக் ஓசையெழுப்பும் செடிகளைத் தொட்டுப் பார்த்துப் புன்னகைக்கிறார். பாத்திரத்தின் குணம் அப்போது முடிவாகாததால் நேர்ந்த புன்னகை அது. 'தி மெனாஜரி'க்குள் வைத்துப் பார்த்தால், 13 ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் இளைஞன் நம் கண்ணுக்குத் தெரிகிறான். ரைக்கரின் தாடிக்குக் கிடைக்காத பொருள் ஸ்பாக்கின் புன்னகைக்குக் கிடைத்துவிட்டது. 1966 நவம்பரில் இரண்டு பகுதிகளாக வந்த இந்த எபிசோடு 1967இல் ஹியூகோ விருது பெற்றது. உள்ளேயிருந்த படத்தை முழுவடிவில் தொலைக்காட்சியில் யாரும் பார்த்திருக்கவில்லை என்பது அதற்குப் பெரிய சாதகம், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி இல்லாமல் அந்தப் படத்தை மட்டும் ஓட்டியிருந்தால் இந்த வலி வந்திருக்காது.

விசாரணை என்ற உத்தி பின்னால் வந்த தொடர்களுக்கும் கைகொடுத்தது. 'ஸ்டார்கேட் எஸ்ஜி-1' தொடரின் முதல் சீசனில் 1998இல் வந்த 'பாலிடிக்ஸ்' எபிசோடு ஒரு கிளிப் ஷோ. ரானி காக்ஸ் நடித்த செனட்டர் கின்சி, வேற்றுக்கிரகங்களுக்கு ஆள்களை அனுப்பும் ராணுவத் திட்டத்துக்கு இவ்வளவு பணம் எதற்கு என்று அதன் குழுவினரைக் குடைகிறார். அவர்கள் தங்கள் சாதனைகள் என்று சொல்வதையெல்லாம் அவர் ஆபத்துகளாகத் திருப்பிப் படிக்கிறார். நாம் ரசித்த காட்சிகளையே எதிரியின் கண்ணால் பார்க்கவேண்டி வருகிறது. கடைசியில் திட்டத்தையே மூடவைக்கிறார். மகத்தான எபிசோடு என்று சொல்லமாட்டேன், ஆனால் பழையதைக் காட்டியதற்கு ஒரு விளைவு இருக்கிறது.

சிக்கனத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. அதற்குப் 'பாட்டில் எபிசோடு' என்று பெயர். வெளிப்புறக் காட்சி கிடையாது, புது அரங்கம் கிடையாது, பெரிய சிறப்பு விளைவு கிடையாது. ஏற்கெனவே இருக்கும் அறைகளுக்குள், பெரும்பாலும் வழக்கமான நடிகர்களை வைத்து ஒரு முழுக் கதையை முடிப்பது. கிளிப் ஷோவும் பாட்டில் எபிசோடும் ஒன்று என்று புதிதாக வருபவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். முன்னது பழைய காட்சிகளை எடுத்துக்கொள்கிறது. பின்னது பழைய அறைகளை எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் புதிதாக எழுதுகிறது. எழுத்தாளருக்குப் பின்னதுதான் கடினம்.

'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் நான்காம் சீசனில் மறுபடியும் செலவு கைமீறியது. கிளிப் ஷோ ஒன்றைப் போட்டுச் சமாளிக்கலாம் என்ற பேச்சு நிறுவனத்தின் பக்கத்திலிருந்து மறுபடியும் எழுந்தது. அப்போது எழுத்துக்குப் பொறுப்பாக இருந்த மைக்கேல் பில்லரும் தயாரிப்பாளர் ரிக் பெர்மனும் அதற்கு இணங்கவில்லை. புதுக் கதையையே மலிவாக எடுத்துத் தருகிறோம் என்றார்கள். ஜெரி டெய்லர் எழுதிய அந்த எபிசோடு 'தி டிரம்ஹெட்'. 1991 ஏப்ரலில் வந்தது. இயக்கியவர் ஜானதன் ஃபிரேக்ஸ், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு தலையில் ஊசிகளோடு படுக்கையில் கிடந்த அதே ரைக்கர்.

கதை முழுவதும் கலத்துக்குள்ளேயே நடக்கிறது. எஞ்சின் அறையில் ஒரு வெடிப்பு. நாசவேலை என்று சந்தேகம். ஓய்வுபெற்ற அட்மிரல் நோரா சாட்டி விசாரிக்க வருகிறார். ஹாலிவுட்டின் மூத்த நடிகை ஜீன் சிம்மன்ஸ் அந்த வேடத்தில் நடித்தார். சைமன் டார்சஸ் என்ற இளம் ஊழியர், தன் தாத்தா எதிரி இனத்தவர் என்பதை மறைத்தது வெளியே வருகிறது. வெடிப்பு வெறும் விபத்துதான் என்று தெரிந்த பிறகும் விசாரணை நிற்கவில்லை. சந்தேகம் ஆளுக்கு ஆள் தாவி, கடைசியில் கேப்டன் பிகார்டையே கூண்டில் நிறுத்துகிறது. டார்சஸின் பக்கம் வாதாட உட்கார்ந்திருப்பவர் ரைக்கர்.

பிகார்ட், சாட்டியின் தந்தை எழுதிய வரிகளையே அமைதியாக எடுத்துச் சொல்கிறார். சாட்டி நிதானம் இழந்து கத்தத் தொடங்குகிறார். விசாரணையைப் பார்வையிட வந்திருந்த இன்னோர் அட்மிரல் அதுவரை ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்தவர். இப்போதும் பேசவில்லை. எழுந்து, அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கதவைக் கடந்து வெளியே போகிறார். சாட்டியின் குரல் பாதியில் நின்றுவிடுகிறது. அந்தக் காட்சியை எடுக்க ஒரு நாற்காலியும் ஒரு கதவும் போதுமானவையாக இருந்தன.